பனி முன்னறிவிப்பு தப்பும்போது எங்கே பார்ப்பது: அறிகுறிவாரியாக

பனி ஆழத்துக்கான வரைபடத்தில், பனியைக் கணக்கிடும் எங்கள் கணினி மாதிரியின் கோடும் அளவீட்டுக் கோடும் குளிர்காலம் முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாக ஓடின. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வசந்தத்தில் பனி உருகி ஆற்றில் இறங்கியபோது, நாங்கள் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் வந்தது. தோண்டிப் பார்த்தால் விஷயம் இதுதான்: காற்று அடிக்கும் மேட்டில் நின்ற மழைமானி, விழுந்த பனியில் பெரும்பங்கைப் பிடிக்கவே இல்லை. அதனால் மாதிரியில் ஆழம் குறைவாக வந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட யாரோ புதுப்பனியின் அடர்த்தியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். பஞ்சுபோல உப்பிய பனி. ஆழம் சரி, எடை போதாது. அந்த யாரோ நான்தான்.

அதற்குப் பிறகு எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே வரிசையில்தான் தேடுகிறேன். முதலில் எடை, அடுத்து வெப்பம், கடைசியில் அடுக்குகள். எடை என்று நான் சொல்வது நீர்ச்சமானத்தை: நிற்கும் பனியை அப்படியே உருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் வரும் என்ற கணக்கு. ஒரு மில்லிமீட்டர் நீர்ச்சமானம் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. எடை தவறாக இருக்கும்போது வெப்பத்தைத் திருகினால், ஒரு தவறு இன்னொன்றை மூடிவிடும்.

முன்னறிவிப்பின் சங்கிலி இதுதான். வானிலை மாதிரி காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றுவேகம், சூரியக் கதிர்வீச்சு, வானத்திலிருந்து வரும் நெட்டலைக் (வெப்பக்) கதிர்வீச்சு, மழை-பனிப் பொழிவு இவற்றைத் தருகிறது. பனிப்படல மாதிரி அவற்றை வாங்கிப் பனியை அடுக்கடுக்காகக் கட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உருவான ஸ்னோபேக், பிரெஞ்சு வானிலைத் துறையின் குரோக்கஸ் இரண்டும் இந்த வகை. அமெரிக்க வானிலைச் சேவையின் ஸ்னோ-17 போன்றவை அடுக்குகளுக்குள் போகாமல் வெப்பநிலையை வைத்தே உருகலைக் கணக்கிடுகின்றன. கடைசியில் வருவது பனிச்சரிவா, கூரைச் சுமையா, வெள்ளமா, அடைபட்ட சாலையா என்ற கேள்வி. என் அனுபவத்தில் பெரும்பாலான பிழைகள் வானிலையிலிருந்து பனிக்குத் தரவு கைமாறும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது பனி மாதிரியின் உள்ளே.

எதையும் தொடும் முன்: அலகும் கடிகாரமும்

இதற்குப் பத்து நிமிடம் போதும். பத்து நிமிடம் செலவழிக்காமல் விட்டு ஒரு வாரத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் இ.ஆர்.ஏ.5 மறுபகுப்பாய்வை, அதாவது பழைய அளவீடுகளை மாதிரியோடு சேர்த்துக் கட்டிய கடந்தகால வானிலைத் தரவை, எடுத்திருந்தால் மூன்று கண்ணிகள். பொழிவு மில்லிமீட்டரில் இல்லை, மீட்டரில் இருக்கிறது. கதிர்வீச்சு வாட்டில் இல்லை, ஜூலில் இருக்கிறது. ஒரு மணி நேர மதிப்பை 3600-ஆல் வகுக்க வேண்டும். மூன்றாவதுதான் விஷமம் பிடித்தது: அதில் 'ஸ்னோ டெப்த்' என்ற பெயரோடு வரும் மாறி பனி ஆழம் அல்ல, நீர்ச்சமானம். 0.3 என்று இருந்தால் 30 செ.மீ. பனி என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அங்கே ஒரு மீட்டர் பனி நிற்கலாம். அதன் நிலப்பரப்புப் பதிப்பில் இன்னொன்று: பொழிவும் கதிர்வீச்சும் உலகப் பொதுநேரம் நள்ளிரவிலிருந்து கூட்டிக்கொண்டே போகும் தொகைகள். மணிக்கு மணி கழித்து எடுக்காவிட்டால் மாலை நேரத்தில் மாதிரிக்குள் பேய்மழை பெய்யும்.

கடிகாரத்தைச் சோதிக்க எளிய வழி: ஒரு மாதத்துச் சூரியக் கதிர்வீச்சை மணிவாரியாகச் சராசரி எடுத்து வரையுங்கள். உச்சி அந்த இடத்தின் நண்பகலில் வர வேண்டும். மணித் தொகை காரணமாக அரை மணி நேரம் அப்படி இப்படி இருந்தால் பரவாயில்லை. இரண்டு, மூன்று மணி நேரம் தள்ளி இருந்தால் நேர மண்டலம் குழம்பியிருக்கிறது. பகல் வெயிலும் பகல் வெப்பநிலையும் ஒன்றை ஒன்று சந்திக்காமல் மாதிரி உருகலைத் தப்பாகக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்.

அறிகுறி: பனி போதுமான அளவு சேரவே இல்லை

நிலையத்து மழைமானியை நம்பிப் பனி மாதிரியை ஓட்டினீர்களா, வானிலை மாதிரியின் பொழிவை வைத்து ஓட்டினீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மேலே போக வேண்டாம்.

மழைமானி என்றால் முதல் சந்தேகம் காற்றின் மேல். பனித்துகள் லேசானது, மானியின் வாய்க்கு மேலே காற்று எழும்பிப் போகும்போது துகளும் கூடவே போய்விடும். உலக வானிலை அமைப்பு பல நாடுகளில் இதற்காகவே ஒப்பீட்டுச் சோதனை நடத்தியது. காற்றுத் தடுப்பு மறைப்பு இல்லாத மானி பலத்த காற்றில் பாதிக்கும் மேல் பனியைத் தவறவிடுவது சாதாரணம். சரிபார்க்க: பக்கத்தில் பனிமெத்தை, அதாவது பனியின் எடையை நேரடியாக உணரும் தட்டு இருந்தால், ஒரு புயலுக்கு முன்னும் பின்னும் அது காட்டும் எடை வித்தியாசத்தை மானி பிடித்த அளவோடு ஒப்பிடுங்கள். காற்றில்லாத பொழிவுகளில் இரண்டும் ஒத்துப்போய், காற்றோடு வந்த பொழிவுகளில் மட்டும் மானி பின்தங்கினால் விடை கிடைத்துவிட்டது. திருத்தச் சூத்திரத்தைப் போடும்போது, அது கேட்கும் காற்று மானி உயரத்துக் காற்றா, 10 மீட்டர் காற்றா என்று பார்த்துப் போடுங்கள். இதை மாற்றிப் போட்டுப் பனியை இரட்டிப்பாக்கிய ஓட்டங்களும் உண்டு.

வானிலை மாதிரியின் பொழிவு என்றால் இந்தத் திருத்தம் வேண்டவே வேண்டாம். மாதிரிக்குள் மானியே இல்லை, காற்றில் தவறவிட ஒன்றுமில்லை. அங்கே பார்க்க வேண்டியது உயரம். வானிலை மாதிரி நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தே பார்க்கும்; 9 கி.மீ. கட்டத்துக்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் சேர்ந்து ஒரே உயரமாகிவிடும். உங்கள் நிலையம் கட்டத்தின் சராசரி உயரத்தைவிட 800 மீட்டர் மேலே இருந்தால், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற வழக்கமான கணக்கில் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம். பனியாக விழ வேண்டியது மழையாக ஓடிப்போகும். ஆனால் அந்த 6.5-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. குளிர்காலத் தெளிவான இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, மேலே போகப்போகச் சூடு கூடும் தலைகீழ் நிலை வரும். அப்போது அந்த நிலையான 6.5 டிகிரி விகிதம் பள்ளத்தாக்கைச் சூடாக்கி, சிகரத்தை உறைய வைத்துவிடும். அருகில் இரண்டு உயரங்களில் நிலையம் இருந்தால் அவற்றிலிருந்தே விகிதத்தை எடுங்கள்.

அறிகுறி: மழை பெய்த நாளில் மாதிரி பனி என்கிறது, அல்லது நேர்மாறாக

பல மாதிரிகள் ஒரு டிகிரி செல்சியஸை எல்லையாக வைத்துக்கொண்டு, கீழே பனி, மேலே மழை என்று பிரிக்கின்றன. வட அரைக்கோள நிலையங்களை ஆராய்ந்து 2018-இல் வந்த ஓர் ஆய்வில், பாதி பனி பாதி மழை என்ற நிலை சராசரியாக அதே 1 டிகிரியில்தான் இருந்தது. ஆனால் இடத்துக்கு இடம் -0.4 முதல் 2.4 டிகிரி வரை மாறியது. வறண்ட மலைகளில் எல்லை உயரும், ஈரமான கடலோர மலைகளில் தாழும். காரணம் எளிது. விழும் துகளிலிருந்து ஆவியாகும் நீர் துகளையே குளிர்விக்கிறது. காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. அதனால் வெறும் வெப்பநிலையை விட்டுவிட்டு, ஈரத்தையும் கணக்கில் எடுக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பயன்படுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

திருத்துவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: இந்தப் பருவத்தின் மொத்தப் பொழிவில் எத்தனை சதவீதம் -1 முதல் 3 டிகிரிக்குள் விழுந்தது? அது சொற்பம் என்றால் எல்லையை எங்கே வைத்தாலும் முடிவு அசையாது. வேறு இடத்தில் தேடுங்கள். பாதிக்கு அருகில் என்றால், அரை டிகிரிப் பிழைகூட உங்கள் பனிப்படலத்தைத் தலைகீழாக்கும்.

இரட்டைப் பிரிப்பு என்று ஒரு பழைய குற்றவாளியும் உண்டு. வானிலை மாதிரி மேகத்துக்குள்ளேயே கணக்குப் போட்டு மழை இவ்வளவு, பனி இவ்வளவு என்று தனித்தனியாகத் தருகிறது. நாம் இரண்டையும் கூட்டி மொத்தமாகக் கொடுக்க, பனி மாதிரி அதை மறுபடி வெப்பநிலையால் வெட்டுகிறது. ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள்.

அறிகுறி: ஆழம் பொருந்துகிறது, எடை பொருந்தவில்லை

என்னை மாட்டிவிட்டது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

40 மி.மீ. நீர்ச்சமானம் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். புதுப்பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 100 கிலோ என்றால் 40 செ.மீ. ஆழம். குளிர்ந்த, காற்றில்லாத இரவில் 50 கிலோவாக இருந்தால் 80 செ.மீ. காற்று துகள்களை உடைத்து அடுக்கினால் 200 கிலோவைத் தாண்டலாம். அப்போது 20 செ.மீ.கூட வராது. அதே எடை, நாலு மடங்கு ஆழ வித்தியாசம். ஆகவே ஆழத்தை மட்டும் வைத்து மாதிரியை ஒப்பிட்டால், பொழிவுப் பிழையை அடர்த்திப் பிழை எப்போது வேண்டுமானாலும் மூடி மறைக்கலாம். எடை அளவீடு எதுவுமே இல்லாத இடத்தில், மாதத்துக்கு ஒரு முறையாவது ஆள் போய்க் குழி வெட்டி, கொள்ளளவு தெரிந்த குழாயில் பனியை எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். பழைய வழிதான். இதைவிட நம்பகமான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

அளவீடும் பொய் சொல்லும். ஒலியால் ஆழம் அளக்கும் கருவி, ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையோடு மாறும். 0 டிகிரிக்கான வேகத்தை வைத்துக்கொண்டு -20 டிகிரியில் அளந்தால் ஏறத்தாழ 4 சதவீதப் பிழை. கருவிக்கும் பனிக்கும் இடையே 4 மீட்டர் இருந்தால் 15 செ.மீ. பனி காணாமல் போகும். பனி ஆழம் தினமும் பகலில் ஏறி இரவில் இறங்குவதுபோலக் காட்டினால் வெப்பநிலைத் திருத்தம் போடப்படவில்லை என்று அர்த்தம். கோடையில் 20 செ.மீ. பனி காட்டினால் அது புல். சிரிக்காதீர்கள், அந்தப் புல்லையே மாதிரிக்குள் பனியாக ஏற்றி அக்டோபரைத் தொடங்கிய ஓட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். பனிமெத்தை மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம்: பனிக்குள் உருவான பனிக்கட்டி அடுக்கு பாலம்போல எடையைச் சுற்றுப்புறத்துக்குக் கடத்திவிடும். அளவீடு நாள்கணக்கில் அசையாமல் நின்று, திடீரென்று ஒரே மணி நேரத்தில் குதித்தால் பாலம் உடைந்திருக்கிறது, பனி விழவில்லை.

கூரைச் சுமை எச்சரிக்கை விடுபவர்களுக்கு இந்தப் பகுதி இன்னும் முக்கியம். ஒரு மீட்டர் புதுப்பனி சதுர மீட்டருக்கு 100 கிலோ. அதே ஒரு மீட்டர், பழசாகி இறுகிய பனியாக இருந்தால் 300 கிலோ. அதன் மேல் மழை பெய்தால் நீரைப் பனி உறிஞ்சிக்கொள்ளும். ஆழம் அமுங்கிக் குறையும், சுமை கூடும். ஆழத்துக்கு வரம்பு வைத்த எச்சரிக்கை அமைப்பு, அபாயம் ஏறும் அந்த நேரத்தில் பச்சைக்குத் திரும்பும். 2006 ஜனவரி 28-இல் போலந்தின் கட்டோவிட்சே அருகே கண்காட்சி அரங்கின் கூரை இடிந்து 65 பேர் இறந்தார்கள். கட்டட வடிவமைப்பிலும் குறை இருந்தது; அகற்றாமல் விட்ட பனியும் உறைந்த நீரும் மேலே கிடந்தன. வரம்பைக் கிலோவில் வையுங்கள்.

அறிகுறி: பனி சீக்கிரம் உருகிவிடுகிறது, அல்லது உருக மறுக்கிறது

எடை சரி என்று உறுதியான பிறகுதான் இங்கே வர வேண்டும். கையில் ஒரு எண் இருந்தால் போதும்: சதுர மீட்டருக்கு 100 வாட் ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால் சுமார் 26 மி.மீ. நீர்ச்சமானப் பனி உருகும். 10 வாட் பிழை ஒரு மாதத்தில் 78 மி.மீ.

இப்போது எதிரொளிப்புத் திறனை, அதாவது விழும் வெயிலில் பனி திருப்பி அனுப்பும் பங்கைப் பாருங்கள். வசந்தத்தில் நாள் சராசரியாக 250 வாட் வெயில் என்றால், எதிரொளிப்பு 0.8-க்குப் பதில் 0.7 என்று வைத்த ஒரே காரணத்தால் 25 வாட் கூடுதலாக உள்ளே போகும். நாளைக்கு 6 மி.மீ.க்கு மேல் அதிக உருகல். பாலைவனத் தூசி படிந்த ஆண்டுகளில் உண்மையான பனியே இப்படி இருட்டாகிவிடும், மாதிரிக்கு அது தெரியாது. இன்னொரு பக்கம், இரண்டு மி.மீ. தூறல் பனி விழுந்தாலே எதிரொளிப்பைப் புதுப்பனி அளவுக்கு ஏற்றிவிடும் மாதிரிகளும் உண்டு. உருகல் தாமதமாகிறது என்றால் எதிரொளிப்பின் கோட்டை வரைந்து, சின்னப் பொழிவுகளில் அது 0.85-க்குத் தாவுகிறதா என்று பாருங்கள்.

'பனி உள்ளே குளிர்ந்து கிடக்கிறது, அதனால்தான் உருகவில்லை' என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது பெரிய தொகை அல்ல. 300 மி.மீ. நீர்ச்சமானம் முழுவதும் -5 டிகிரியில் இருந்தாலும், அதைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் 9 மி.மீ. உருக்கும் அளவுதான். வெயிலான ஒரு வசந்த நாளே தாண்டிவிடும். இரண்டு வாரத் தாமதத்துக்கு அது காரணமாக முடியாது.

நெட்டலைக் கதிர்வீச்சு அளவீடாக இல்லாமல் சூத்திரத்தால் வந்ததாக இருந்தால் மேகம் சேர்த்தார்களா என்று பாருங்கள். சேர்க்காவிட்டால் மேகமூட்டமான ஒவ்வொரு நாளும் பனி வீணாகக் குளிரும்.

மேற்பரப்பு வெப்பநிலை தனியாக ஓடிவிடுவது இதன் தங்கை. தெளிந்த, காற்றில்லாத இரவில் அளவீடு -22 என்னும்போது மாதிரி -35 என்கிறது. பனி குளிர, மேலே காற்று அடுக்கு நிலைத்துப் போக, சமன்பாடு காற்றுக்கும் பனிக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்தையே மூடிவிடுகிறது. பனி மேலும் குளிர்கிறது. காற்றே இல்லாதபோதும் ஒரு சிறு பரிமாற்றத்தை விட்டுவைக்கும் வசதி பெரும்பாலான மாதிரிகளில் இருக்கும். அதைத் தொடும் முன் காற்றுத் தரவைப் பாருங்கள். புயலின் நடுவே மணிக்கணக்கில் சரியாக 0.0 என்று இருந்தால் காற்று நிற்கவில்லை, காற்றுமானி பனிக்கட்டி பிடித்து உறைந்திருக்கிறது.

அறிகுறி: சில கட்டங்களில் பனி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போகிறது

உயரமான, செங்குத்தான கட்டங்களில் பத்தாண்டு ஓட்டத்தின் முடிவில் பனிக்கோபுரம் எழுந்து நிற்கும். அங்கே உண்மையில் பனி சரிந்து கீழே போய்விடும், காற்று அள்ளிப் போய்விடும். மாதிரியில் போக வழியில்லை. புவியீர்ப்பால் கீழே தள்ளும் எளிய விதி ஒன்றைச் சேருங்கள். உருகல் வேகத்தைக் கூட்டிக் கோபுரத்தைக் கரைக்க வேண்டாம், அது கீழே உள்ள நல்ல கட்டங்களையும் கெடுக்கும்.

அறிகுறி: பனி மேல் மழை பெய்தது, வெள்ளம் வந்தது, மாதிரி சும்மா இருந்தது

மழையின் சூடுதான் பனியை உருக்குகிறது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை. 5 டிகிரியில் 50 மி.மீ. மழை கொண்டுவரும் வெப்பம் உருக்குவது வெறும் 3 மி.மீ. பனியை. உண்மையில் வேலை செய்வது ஈரமான சூடான காற்று. ஒரு மில்லிமீட்டர் நீராவி பனியின் மேல் ஒடுங்கினால் வெளிவரும் வெப்பம் ஏழரை மில்லிமீட்டர் பனியை உருக்கும். அதனால் தவறிய வெள்ளத்தில் மழையை விட்டுவிட்டு முதலில் காற்றுவேகத்தையும் ஈரப்பதத்தையும் ஆராயுங்கள். கட்டத்தின் சராசரிக் காற்று முகட்டுக் காற்றைவிடக் குறைவாகவே இருக்கும். வெப்பநிலையை மட்டும் பார்க்கும் மாதிரிகளுக்கு இந்த இடத்தில் கண் கிடையாது. ஸ்னோ-17-இல் மழை நேரத்துக்கென்று தனிச் சமன்பாடு வைத்ததே இதனால்தான்.

இரண்டாவது, தண்ணீர் பனிக்குள் எப்படி இறங்குகிறது என்பது. ஒவ்வொரு அடுக்கும் வாளிபோல நிரம்பி வழிந்தால்தான் அடுத்ததற்குப் போகும் என்று எழுதிய மாதிரியில் நீர் தாமதமாக வெளியே வரும். உண்மைப் பனியில் குழாய்போன்ற வழிகள் திறந்து, முழுப் படலமும் நனையும் முன்பே அடியில் ஒழுகத் தொடங்கிவிடும். மொத்த அளவு சரியாக, நேரம் மட்டும் சில மணி பிந்தினால் இதைச் சந்தேகியுங்கள்.

2022 ஜூனில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் எல்லா நுழைவாயில்களையும் மூட வைத்த வெள்ளம் இந்த வகைதான்: பருவம் தாண்டி மலையில் நின்ற பனியின் மேல் கனமழை. ஜூனில் பனியைக் கண்காணிக்காமல் விட்டுவிடும் அமைப்புகளுக்கு அது ஒரு நல்ல சோதனை நிகழ்வு, ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: களத்தில் பலவீன அடுக்கு இருக்கிறது, மாதிரியில் இல்லை

பனிச்சரிவுக்காரர்களின் தலைவலி. அடியில் சர்க்கரைபோல உதிரும் படிகங்கள் உருவாக, பனிக்குள் மீட்டருக்கு 10 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் வேண்டும். பருவத் தொடக்கத்தில் 40 செ.மீ. பனி, அடி 0 டிகிரி, மேற்பரப்பு -12 என்றால் மீட்டருக்கு 30 டிகிரி. படிகம் வேகமாக வளரும். பொழிவைக் கூட்டித் திருத்தியதில் மாதிரியில் அதே நாளில் 120 செ.மீ. நிற்கிறது என்றால் வித்தியாசம் மீட்டருக்கு 10-க்கு இறங்கிவிடும். பலவீன அடுக்கு பிறக்கவே இல்லை. நவம்பரில் செய்த எடைப் பிழை பிப்ரவரியில் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தின்றுவிடும். எனவே அடுக்கு காணவில்லை என்றால் படிகங்கள் உருமாறுவதைக் கணக்கிடும் சமன்பாட்டைத் திறக்காதீர்கள். பருவத்தின் முதல் ஆறு வாரத்து எடையைத் திரும்பிப் பாருங்கள்.

மேற்பரப்பில் பூக்கும் பனிப்படிகம் இன்னும் மென்மையானது. தெளிந்த வானம், ஈரக்காற்று, மெல்லிய காற்றோட்டம் மூன்றும் வேண்டும். மூன்று மணி நேர இடைவெளித் தரவும் கட்டச் சராசரிக் காற்றும் அதை அழித்துவிடும். உள்ளீட்டை ஒரு மணி நேரத்துக்கு மாற்றினாலே சில சமயம் அடுக்கு திரும்பி வந்துவிடும். குரோக்கஸ் போன்ற மாதிரிகள் அடுக்குகளின் எண்ணிக்கைக்கு மேல் வரம்பு வைத்து, மெல்லிய அடுக்குகளைப் பக்கத்து அடுக்கோடு இணைத்துவிடுவதும் உண்டு. உங்கள் அடுக்கு அப்படிக் கரைந்ததா என்று பாருங்கள்.

மாதிரியையும் களக் குழியையும் உயரத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். தரையிலிருந்து 62 செ.மீ. என்பது இரண்டிலும் வேறு வேறு நாளில் விழுந்த பனியாக இருக்கும். எந்தத் தேதியில் படிந்தது என்று அடுக்குகளுக்கு வயது போட்டு ஒப்பிட்டால், 'தவறு' என்று நினைத்ததில் பாதி காணாமல் போகும்.

சமதளத்தில் மட்டும் ஓட்டியிருந்தால் அதுவும் போதாது. பலகைச் சரிவுகள், அதாவது இறுகிய அடுக்கு பலகைபோலப் பெயர்ந்து இறங்கும் பனிச்சரிவுகள், பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் கிளம்புகின்றன. குறைந்தது நான்கு திசைச் சரிவுகளைத் தனியாக ஓட்டி, காற்று மறைவுப் பக்கத்தில் பனி கூடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒன்று: 24 மணி நேரப் புதுப்பனியை மட்டும் வரம்பாக வைத்த அமைப்பு நீண்ட தொடர்களைக் கோட்டைவிடும். ஆஸ்திரியாவின் கால்ட்யூரில் 1999 பிப்ரவரி 23-இல் 31 பேரைக் கொன்ற சரிவுக்கு முன்னால், அடுத்தடுத்து மூன்று பெரும் பொழிவுகள் வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தன. மூன்று நாள், பத்து நாள், முப்பது நாள் தொகைகளையும் பக்கத்தில் வையுங்கள்.

அறிகுறி: செயற்கைக்கோள் ஒன்று சொல்கிறது, மாதிரி ஒன்று சொல்கிறது

எந்தக் கருவி என்று முதலில் கேளுங்கள். மோடிஸ் போன்ற ஒளிப்படக் கருவி பனி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். மேகத்தைப் பனி என்றும் சொல்லும், காட்டுக்கு அடியில் இருப்பதைப் பார்க்காது. நுண்ணலைக் கருவி எடையைத் தரும், ஆனால் 150 மி.மீ.க்கு மேல் அதன் கை தளர்ந்துவிடும்; ஆழ்பனி மலைகளில் அதை நம்பி மாதிரியைக் குறைக்காதீர்கள். சென்டினல்-1 ரேடார் ஈரப்பனியைப் பிடிப்பதில் கெட்டி, உலர்பனியில் கிட்டத்தட்டக் குருடு.

'பனி இல்லை' என்ற ஒரே படத்தை நம்பி மாதிரியிலிருந்து 300 மி.மீ. பனியை ஒரே அடியில் அழிப்பதை நான் தவிர்ப்பேன். அழித்த எடை திரும்பி வராது.

அறிகுறி: அளவு ஓரளவு சரி, எச்சரிக்கை மட்டும் எப்போதும் தவறு

வரம்பு எங்கிருந்து வந்தது? நிலைய அளவீட்டிலிருந்து எடுத்த 50 செ.மீ. வரம்பைக் கட்டச் சராசரியில் வைத்தால் அது எட்டவே எட்டாது, ஏனென்றால் சராசரி உச்சங்களை மழுக்கிவிடும். மாதிரியின் பழைய ஓட்டங்களை எடுத்து, அதற்குள் எது அரிதான மதிப்பு என்று பார்த்து, அதன் சொந்த அளவுகோலில் வரம்பை வையுங்கள்.

ஒரு ஓட்டத்தில் புயல் இந்தப் பள்ளத்தாக்கில், அடுத்த ஓட்டத்தில் பக்கத்தில் என்று தாவினால் ஒற்றை ஓட்டத்தைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, சற்றே மாறுபட்ட தொடக்கங்களோடு பல ஓட்டங்களை ஓட்டும் தொகுப்பு முன்னறிவிப்புக்கு மாறுங்கள். 50 ஓட்டங்களில் 8 வரம்பைத் தாண்டினால் 16 சதவீதம். சாலையை மூட அது போதுமா என்பது மாதிரியின் கேள்வி அல்ல, சாலையை மூடுபவரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டியது.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, பிழை கிடைக்கவில்லை, எச்சரிக்கை இன்றிரவே போக வேண்டும்

சரி, நடக்கும். எந்த அளவுருவையும் தொடாதீர்கள். இரவில் பதற்றத்தில் திருத்தியது காலையில் யாருக்கும் நினைவிருக்காது. அளந்த எடை எங்காவது கிடைத்தால் அதை மாதிரிக்குள் ஏற்றி, இன்றைய நிலையிலிருந்து ஓட்டுங்கள். பிறகு பொழிவை 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும், வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றியும் இறக்கியும் நான்கு ஓட்டங்கள். எச்சரிக்கை நிலை நான்கிலும் மாறவில்லை என்றால் வெளியிட்டுவிடலாம். மாறினால், எந்தப் பக்கம் தள்ளியபோது மாறியது என்பதை எச்சரிக்கையிலேயே ஒரு வரி எழுதுங்கள்: 'வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் வெள்ள அபாயம் ஒரு நிலை கூடும்' என்பதுபோல. படிப்பவர் அந்த ஒரு வரியை வைத்து எந்தத் திசையில் கண் வைப்பது என்று முடிவு செய்துகொள்வார். நீங்கள் காலையில் மழைமானியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.